ஊவாவில் பதிவாகாத ஆல்பங்கள்

சிங்களப் பாட்டுக்குள் மின்கிதாரைக் கொண்டுவந்த முன்னோடி என்று இலங்கை கொண்டாடும் கிளாரன்ஸ் விஜேவர்தன 1943-இல் அப்புத்தளையில் பிறந்தவர். 1996 டிசெம்பர் 13-இல் அவர் காலமானார். மூன்ஸ்டோன்ஸ், சுப்பர் கோல்டன் சைம்ஸ் என்று அவர் நடத்திய குழுக்களின் பாட்டுகளை மூன்று தலைமுறை முணுமுணுத்திருக்கிறது. இருந்தும் அவர் பதுளை மாவட்டத்துப் பிள்ளை என்ற செய்தி மலையகத் தமிழர் இசை பற்றிப் பேசும்போது வருவதே இல்லை. கிதார் இசை என்றால் கொழும்பு, தோட்டம் என்றால் தப்பு மேளம் என்று இரண்டையும் நாம் முன்கூட்டியே பிரித்து வைத்துவிட்டோம். அந்தப் பிரிவினை சரிதானா என்று கேட்க அவர் மறைந்த காலப்பகுதியே பொருத்தமானது. 1990-களின் நடுவில்தான் உலகின் பல சிற்றூர்களில், பெரிய கம்பனிகளின் தயவை எதிர்பாராமல், இளைஞர்கள் தங்கள் ஆல்பங்களைத் தாங்களே பதிவுசெய்யத் தொடங்கினார்கள். அதே ஆண்டுகளில் ஊவா மாகாணத்தின் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைத் தோட்டங்களில் பாட்டுக்கும் குறைவில்லை, அடிப்பவருக்கும் குறைவில்லை. அங்கிருந்து நாடறிந்த ஓர் ஆல்பம் ஏன் எழவில்லை?

திறமை போதவில்லை என்ற பதிலை நான் தள்ளிவிடுகிறேன். ‘வசதி இல்லை’ என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதியைத் தேடுவதற்கு முதலில் அந்த ஆல்பங்கள் எப்படி உருவாயின என்று பார்க்க வேண்டும்.

1991-இல் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ எவரும் எதிர்பாராத அளவில் விற்றபோது, அமெரிக்க இசைக் கம்பனிகள் தாங்கள் அதுவரை ஒதுக்கிவைத்திருந்த மாற்று ராக் குழுக்களைத் தேடி ஓடின. ஆனால் அந்த அலையின் உண்மையான வேலை நடந்த இடங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. ஓஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ரொபர்ட் பொலார்ட் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் தன் நண்பர்களோடு வீட்டின் கீழ்த்தளத்திலும் வாகனக் கொட்டகையிலும் பாடிப் பதிந்தவைதான், கைடட் பை வொய்சஸ் என்ற குழுவின் ‘பீ தௌசண்ட்’ என்ற 1994 ஆல்பம். நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட சிறு பதிவுக் கருவி, இரைச்சல், நடுவில் அறுந்துபோகும் ஒலி எல்லாம் அப்படியே இருக்கின்றன. அதை இன்றும் விமர்சகர்கள் அந்தப் பத்தாண்டின் முக்கியமான ஆல்பங்களில் ஒன்றாக வைக்கிறார்கள். ஒயாசிஸ் குழு 1995-இல் தன் இரண்டாவது ஆல்பத்தைப் பதிந்த ரொக்ஃபீல்ட், வேல்ஸ் நாட்டில் ஒரு பண்ணையாக இருந்த இடம். ரேடியோஹெட் ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பத்தின் வேலையைத் தொடங்கியது ஆப்பிள் சேமிக்கும் கொட்டகை ஒன்றை மாற்றியமைத்த அறையில். இந்த இசைக்கு மாநகரமும் கண்ணாடி மாளிகையும் தேவைப்படவில்லை என்பதை இவை காட்டுகின்றன.

அதற்கு வழிசெய்தது கருவிகளின் விலை வீழ்ச்சி. 1992-இல் சந்தைக்கு வந்த அலெசிஸ் கம்பனியின் ‘ஏடாட்’, சாதாரண வீடியோ கசட் போன்ற நாடாவில் எட்டுத் தடங்களை டிஜிட்டலாகப் பதிந்தது. இரண்டை இணைத்தால் பதினாறு தடம், மூன்றை இணைத்தால் இருபத்துநான்கு. அதற்கு முன்னர் அந்த வேலைக்குத் தேவைப்பட்ட நாடா இயந்திரங்கள் ஒரு வீட்டின் விலை பெறும். அலானிஸ் மொரிசெட்டின் ‘ஜாக்ட் லிட்டில் பில்’ 1995-இல் வெளியானது. கிளென் பலார்ட் தன் வீட்டு ஸ்டூடியோவில் ஏடாட்டில் பதிந்து, மாதிரிக்காகப் பாடிய குரல்களையே கடைசிவரை வைத்துக்கொண்ட ஆல்பம் அது. கோடிக்கணக்கில் விற்றது.

அந்த ஏடாட்டின் அறிமுக விலை ஏறக்குறைய 4,000 அமெரிக்க டொலர். 1995-இல் டொலருக்கு ஐம்பது ரூபாய் என்று வைத்தால் இரண்டு இலட்சம் ரூபாய். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நூறு ரூபாயை எட்டாத காலம் அது. ஒரு கொழுந்து பறிக்கும் பெண் சாப்பிடாமல், உடுக்காமல், பிள்ளையைப் படிக்க வைக்காமல் இரண்டாயிரம் நாளுக்கு மேல் மலையேறினால் ஓர் இயந்திரம் வாங்கலாம். அப்படி ஆறேழு வருடம் கழித்து வாங்கினாலும் செருகுவதற்கு மின்சாரம் வேண்டுமே. தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் மின்வெளிச்சம் வந்து பல காலமாகியும், பல லயன் குடியிருப்புகளில் குப்பிலாம்புதான் எரிந்துகொண்டிருந்தது. இடமும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அடுத்த காம்பராவின் இருமல் இந்தக் காம்பராவில் கேட்கும். ஒரு பாடலைப் பதிய மூன்று மணிநேரம் அமைதி வேண்டுமென்றால் இருபது குடும்பங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கோடு பேச்சை முடித்துவிடலாம், பலர் முடித்துவிடுகிறார்கள். என்னால் முடியவில்லை, ஏனென்றால் பொலார்டின் கணக்கு வேறு. 1979-இல் டீயாக் கம்பனி வெளியிட்ட ‘போர்ட்டா ஸ்டூடியோ’ தொடங்கி, வீட்டுப் பதிவாளர்கள் பயன்படுத்திய நான்கு தடக் கருவிகள் ஓடியது நாம் எல்லோரும் அறிந்த சாதாரண கசட்டில்தான். தோட்டத்து ரேடியோ கசட் பெட்டியில் சுழன்ற அதே கசட். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன அக்காவுக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகளின் குரலைப் பதிந்து அனுப்பிய அதே கசட். பதிவுக்கான சிவப்புப் பொத்தான் நம் வீட்டுப் பெட்டியிலும் இருந்தது. பற்றரி போட்டால் மின்சாரமும் தேவையில்லை. ஒற்றை மைக்கில் ஒற்றைத் தடமாக ஒரு தப்புக் குழுவை முழுமையாகப் பதிந்து நூறு பிரதி எடுத்திருக்க முடியும். ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தி மாமன் பாடும் காமன் கூத்துப் பாட்டைப் பதிந்து ஹட்டனிலும் பதுளையிலும் விற்கலாம் என்ற எண்ணம் ஒரு வழக்கமாக வளரவில்லை. ஏழ்மை அதற்கு ஒரு காரணம். மற்றக் காரணத்துக்கு நம் காதுகளின் வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தோட்டத்துக் காது வானொலியால் வளர்ந்தது. 1949-இல் ரேடியோ சிலோன் என்று பெயர் பெற்று, 1967-இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமான நிலையத்தின் தமிழ் வர்த்தக சேவை ஒருபுறம். மத்திய அலையில் கடல் தாண்டி வந்த திருச்சி வானொலி மறுபுறம். இரண்டும் தந்தது பெரும்பாலும் சென்னையின் சினிமாப் பாட்டு. அது அந்நியமான ஒலி என்று நான் சொல்ல மாட்டேன். இளையராஜாவின் தந்தையே ஒரு தோட்டக் கங்காணி. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு கேரளத்துத் தேயிலைத் தோட்டங்களில் பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தமிழ்த் தொழிலாளரிடையே அந்தப் பாட்டுகள் செய்த வேலை பெயர்பெற்றது. 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது பசறைத் தோட்டத்து மனிதர் கேட்டது, ஒருவகையில், இன்னொரு மலைத் தோட்டத்து வீட்டில் விளைந்த இசையைத்தான். ஆனால் அந்த இசை அவரை வந்தடைய ஆர்மோனியம், கட்சி மேடை, சென்னையின் ஒலிப்பதிவுக் கூடம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டியிருந்தது. 1992-இல் ‘ரோஜா’ வந்தது. கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்துக் கட்டிய கூடத்தில் ரஹ்மான் அதை உருவாக்கினார். தமிழில் வீட்டுப் பதிவுக்கூடத்தின் காலம் அங்கே பிறந்துவிட்டது. உடரட்ட மெனிக்கே ரயிலிலும் கொழும்பு பஸ்களிலும் அந்தக் கசட்டுகள் பதுளைக்கு வந்து சேர்ந்தன. கேட்பதற்கு இவ்வளவு நல்ல பொருள் வரும்போது, தன்னிடம் இருப்பதையும் பதியலாம் என்று தோன்றுவது கடினம். திருவிழா மேடைகளில் ஏறிய நம் இசைக்குழுக்கள் அந்தப் பாடல்களை அச்சு அசலாக வாசிப்பதையே தேர்ச்சியாக எண்ணின. கீபோர்ட்டும் டிரம்ஸும் வாடகைக்கு எடுத்து, இரவெல்லாம் வாசித்து, விடியற்காலை, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்கு ஓடிய இளைஞர்களுக்கு அதைவிட எதை எதிர்பார்க்க முடியும்?

இலங்கையில் தமிழில் சொந்தப் பாட்டு இல்லாமலும் இல்லை. 1970-களின் துள்ளிசை அலையில் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் கடல் கடந்தன. தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்துகொண்டிருந்த இசை, ஒருமுறையேனும் எதிர்த்திசையில் போனது. கிளாரன்சின் இசைக்கும் இந்தத் துள்ளிசைக்கும் பைலாவின் தாளம் பொது உறவு. ஒரே தீவின் ஒரே பருவத்தில் பிறந்தவை. ஆனால் கிளாரன்சுக்குப் பின்னால் கொழும்பு வானொலி இருந்தது. ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரியா’ போன்ற இசைத்தட்டு நிறுவனங்கள் சிங்களப் பாப்பை வளர்த்தெடுத்தன. தமிழ்த் துள்ளிசைக்கு அப்படி நின்று தாங்கும் தூண் கிடைக்கவில்லை. அது வேரூன்றுமுன் 1983 ஜூலை இனக்கலவரம் வந்தது. பதுளை நகரத்துத் தமிழ்க் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதன்பின் மேடை, மைக், இரவு நிகழ்ச்சி என்ற எல்லாவற்றின் மேலும் பயம் படிந்தது. தமிழ் இளைஞர் நான்கு பேர் கூடினாலே அடையாள அட்டை கேட்கப்பட்ட 1990-களில், கிதாரும் பெட்டியுமாக இரவில் ஊர்மாறிப் போவது எளிதல்ல. ராக் குழு என்பது முதலில் கூடிப் பயிலும் ஒரு நட்பு. கூடுவதே சந்தேகத்துக்குரியதாக இருந்த நாட்டில் அந்த நட்பு எப்படி இசையாகும்?

போரினால்தான் எல்லாம் நின்றது என்றும் சொல்லிவிட முடியாது. பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் சூழ்ந்த அதே 1990-களின் வடக்கில், விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகம் ஒலிநாடா மேல் ஒலிநாடாவாக வெளியிட்டது. அந்த அரசியலை எப்படி மதிப்பிட்டாலும் ஓர் உண்மை தெளிவு: பதிவு வேண்டும் என்று தீர்மானித்த ஓர் அமைப்பு இருந்தால், மின்பிறப்பாக்கியிலும் பதிவு நடக்கும். மலையகத்தில் பெரும் அமைப்புகள் தொழிற்சங்கங்கள். இலட்சக்கணக்கான அங்கத்தவரிடம் மாதாமாதம் சந்தா பெற்றவை. அந்தச் சந்தாவின் ஒரு துளி ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடமாகப் பதுளையிலோ பண்டாரவளையிலோ நின்றிருந்தால் இந்தக் கட்டுரையின் தலைப்பே வேறாக இருந்திருக்கும். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், ஏனெனில் பாட்டின் வலிமையை நம் தொழிற்சங்க இயக்கம் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் 1930-களிலும் 40-களிலும் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக்கி, சிறு பிரசுரங்களாக அச்சிட்டுப் பரப்பினார்கள். மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தானே பாடினார். பெரிய கம்பனி எதுவும் இல்லாமல், தன் சொல்லைத் தானே வெளியிட்டு, தன் குரலால் தானே பரப்பிய அந்தப் பெண்மணியை மலையகத்தின் முதல் சுயாதீன இசைக் கலைஞர் என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை. ஆனால் மீனாட்சியம்மாளின் குரலைக் கேட்க இன்று நமக்கு வழியில்லை. நமக்கு எஞ்சியது எழுத்துதான்.

எழுத்து மட்டும் எஞ்சியது என்பது அடுத்த தலைமுறையிலும் தொடர்ந்தது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேகரித்த பாடல்கள் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று 1983-இல் நூலாயின. அது இல்லாவிட்டால் நமக்கு எவ்வளவோ இல்லை. ஆனாலும் அந்த நூலைத் திறக்கும் இன்றைய இளம் பாடகிக்கு மெட்டு எங்கே, தாளம் எங்கே, எந்த இடத்தில் மூச்சு இழுத்தார்கள், எந்த அடியில் கூட்டம் சேர்ந்து பாடியது என்பவை தெரியாது. தாலாட்டையும் ஒப்பாரியையும் வரிகளாக மட்டும் காப்பது பாட்டின் பாதியைக் காப்பதே. 1990-களின் நடுவில் அந்தப் பாடல்களை முழுமையாகப் பாடக்கூடிய பாட்டிமார் ஊவாவில் பலர் உயிரோடு இருந்தார்கள். அவர்களோடு ஒரு கசட் பெட்டி உட்காரவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு ஆறாத இடம்.

இங்கே சாதியைப் பற்றியும் பேசாமல் போக முடியாது. தப்பு நம் தோட்டங்களில் விடியலின் ஒலியாக இருந்தது. பிரட்டுக்கு ஆளை எழுப்பியது அதுதான். திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, காமனுக்கு ஓர் அடி என்று தேர்ந்த இலக்கணம் அதற்கு உண்டு. ஆனால் அதை அடித்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். சாவு வீட்டுக் கடமையோடு அந்தக் கருவி கட்டப்பட்டிருந்தது. படித்து மேலே வந்த பிள்ளைகள் பலர் தப்பைக் கைவிட்டதை விடுதலையாகவே உணர்ந்தார்கள், அதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்களோ அதை இசையாகவே மதிக்கவில்லை. மேடையேறிய இசைக்குழுவில் டிரம்ஸுக்கு இடம் இருந்தது, தப்புக்கு இல்லை. மற்ற நாடுகளின் மாற்று இசை செய்த முதல் காரியம் எதுவோ அதை நாம் செய்யத் தவறினோம்: தன் ஊரின் தாழ்த்தப்பட்ட ஒலியை மேடையின் நடுவுக்குக் கொண்டுவருவது.

அந்தக் காரியம் இந்தியாவில் அதே ஆண்டுகளில் நடந்துகொண்டிருந்தது. கொல்கத்தாவின் மொஹினேர் கோடாகுலி குழு 1970-களில் பாவுல் பாட்டையும் ராக்கையும் கலந்தபோது கேட்க ஆளில்லை. 1995-இல் அதன் பெயரில் மீண்டும் ஒரு தொகுப்பு வந்தபோது வங்க இளைஞர்கள் அள்ளிக்கொண்டார்கள். தில்லியின் இந்தியன் ஓஷன் குழு 1997-இல் வாசித்த ஒரு மேடை நிகழ்ச்சியின் பதிவே ‘டெசர்ட் ரெய்ன்’ ஆல்பமானது. ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் இழைக்காமல், திறந்த மேடையில் ஓரிரவு நிகழ்ந்ததை அப்படியே ஆல்பமாக்க முடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி. தோட்டத்து இசைக்கு அந்த வழிதான் பொருந்தியிருக்கும் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

இலங்கையில் 1998-இல் சூரியன், சக்தி ஆகிய தனியார் தமிழ் வானொலிகள் வந்தபோது உள்ளூர்ப் பாடகருக்குப் புதிய வாசல் திறக்கும் என்ற நம்பிக்கை எழுந்தது. கொஞ்சம் திறந்தது. ஆனாலும் ஒலித்ததில் பெரும்பகுதி சென்னைதான். கொழும்பில் ஸ்டிக்மாட்டா போன்ற மெட்டல் குழுக்கள் தொண்ணூறுகளின் இறுதியில் எழுந்தன. அவை ஆங்கிலத்தில் பாடின.

மலையகத்தின் கதை உலகத்தின் காதில் விழுந்தது 2021 மார்ச்சில், அதுவும் கடலுக்கு அப்பாலிருந்து. ‘எஞ்சாய் எஞ்சாமி’யை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கான குடும்பங்களைக் கப்பலேற்றியபோது பாட்டுகளும் ஒப்பாரிகளும் சேர்ந்தே போயின. அவற்றில் ஒரு துளி பேரனின் தொண்டை வழியே வெளிவந்தது. அதற்கு முன்பே 2018 ஜனவரியில் சென்னையில் பா. ரஞ்சித்தும் தென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியிருந்தது. அறிவு அதில் ஒருவர். பறையும் கானாவும் மின்கிதாரும் ஒரே மேடையில், சாதிக்கு எதிரான சொல்லோடு நின்றன. நம் ஊவாவில் 1995-இல் நடந்திருக்க வேண்டியது என்று நான் எண்ணுவது இதுதான். அந்தப் பாடலின் புகழுக்குப் பின் யாருக்கு எவ்வளவு பெயர், யாருக்கு வருவாய் என்ற கேள்விகள் எழுந்ததும், 2024-இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தமக்கு அப்பாடலால் வருமானம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னதும் நாம் கவனிக்க வேண்டியவை. பதிவு நடப்பதோடு வேலை முடிவதில்லை. பதிவு யாருடையது என்பதும் எழுதி வைக்கப்பட வேண்டும்.

இந்த இடத்தில் 1990-களின் ஆல்பம் ஆக்கத்திலிருந்து ஒரு மனிதரை ஊவாவுக்கு அழைத்துவர விரும்புகிறேன். 2024-இல் மறைந்த ஸ்டீவ் அல்பினி, 1993 பெப்ரவரியில் மினசோட்டாவின் ஒரு கிராமப்புறக் கூடத்தில் நிர்வாணாவின் ‘இன் யூட்டரோ’வை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பதிந்தவர். விற்பனையில் பங்கு வேண்டாம், செய்த வேலைக்குக் கூலி போதும் என்றவர். பாட்டு அதைப் பாடியவருக்கே உரியது என்பது அவர் கொள்கை. இசைக்குழு ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க, கருவியருகே சில மைக்குகளும் அறையின் தூரத்து மூலைகளில் சில மைக்குகளும் வைத்து, அந்த இடத்தின் காற்றையும் சேர்த்துப் பதிவது அவர் முறை. தப்புக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. தப்பைத் தனித்தனியாகப் பிரித்துப் பதிந்தால் அது செத்துப்போகும். நான்கைந்து பேர் வட்டமாக நின்று, ஒருவரின் அடிக்குச்சிக்கு மற்றவரின் சுண்டுக்குச்சி பதில் சொல்லும்போதுதான் அது இசை. பனியில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். தீமூட்டிக் காய்ச்ச வேண்டும். அந்தத் தீயின் சடசடப்பும் பதிவில் இருக்கட்டும்.

வேலையைக் காமன் கூத்திலிருந்து தொடங்கலாம். மாசியில் காமன் ஊன்றியது முதல் பௌர்ணமியை ஒட்டிய தகனம் வரை இரவு இரவாக நீளும் கூத்து அது. ஊவாவில் வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்து, கச்சான் காற்று எழுவதற்கு முந்தைய காலம் அது; திறந்தவெளிப் பதிவுக்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது. இன்று இரண்டு இலட்ச ரூபாய் இயந்திரம் தேவையில்லை. கையடக்கப் பதிவுக்கருவி இரண்டும் நல்ல மைக்குகள் நான்கும் போதும், லயன்களுக்கு மின்சாரமும் பெரும்பாலும் வந்துவிட்டது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்களை மூடியதை நாம் பார்த்திருக்கிறோம்; ஒரு தோட்டத்துக்கென்று தனியாக உள்ள பாட்டும் அடியும் அங்கு வாழும் மனிதரோடேயே போய்விடக்கூடியவை. ரதியும் மதனும் எமனும் வீரபத்திரனும் பாடும் பகுதிகளைக் கூத்து வாத்தியாரிடம் முன்கூட்டியே கேட்டு, எந்த இரவில் எது வரும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். தப்படிப்பவர், உறுமி வாசிப்பவர், பின்பாட்டுக்காரர் ஒவ்வொருவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரோடு உறையில் அச்சிட வேண்டும். விற்பனையில் அவர்களுக்கு உரிய பங்கைப் பதிவுக்கு முன்னரே கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு பதுளையிலோ பண்டாரவளையிலோ கிதார் வைத்திருக்கும் ஒரு பிள்ளை அந்தப் பதிவைக் கேட்டு என்ன செய்கிறான் என்பதை அவனிடம் விட்டுவிடலாம்.